பெர்மீலியாவின் பழுப்புப் பட்டு

பெல்ஃபோர்ட் லேண்டிங், அயோவா
17 ஜனவரி 1994

ஆர்டித் அண்ணிக்கு,

டெல்ஃபா எழுதறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கவரைக் குப்பையில போட்டுடாதீங்க. ஓரின் அண்ணன் போய் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. நானும் எழுதலை, நீங்களும் எழுதலை. அதைக் கிளறறதுக்காக இப்ப பேனா எடுக்கலை. ஒரு வேலை ஆகணும், அதுக்கு உங்களை விட்டா எனக்கு வேற ஆள் தெரியலை.

எங்க கொள்ளுப்பாட்டி பெர்மீலியாவோட பழுப்புப் பட்டு கவுன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணமான புதுசுல அண்ணன் உங்களை எங்க ஊர் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய் காட்டினாரே, கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்குமே, அதேதான். 1858ல, இந்த ஊர் உண்டான வருஷம், அவங்க போட்டது. அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு வேணும். நீங்க அங்க பழைய போரை நடிச்சுக் காட்டற கூட்டத்துக்கு அந்தக் காலத்து உடுப்பெல்லாம் தைச்சுத் தர்றதா கேள்விப்பட்டேன்.

மூணு விஷயம். எல்லாமே கைத்தையலா இருக்கணும். புதுசுன்னு காட்டற மாதிரி உள்பக்கம் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மே மாசம் கடைசிக்குள்ள வேணும். துணி தேடறது உங்க வேலை, அதுக்கு ஆகறதை நான் அனுப்பிடறேன். அளவு இதோட இருக்கு. போன் பண்ணாதீங்க. பேசினா சண்டையில போய்தான் முடியும்.

டெல்ஃபா


யார்க், பென்சில்வேனியா
26 ஜனவரி 1994

அன்புள்ள டெல்ஃபா,

கவரைக் குப்பையில் போடவில்லை. ஒரு நாள் முழுக்க மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் கல்லறைக்குக் கல் வைத்தபோது உனக்கு நான் எழுதினேன். பதில் வரவில்லை. இப்போது ஒரு கவுனுக்காக வந்திருக்கிறது.

சில கேள்விகள். இதை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்? நீ அனுப்பியிருப்பது ஓர் உடையின் அளவு, ஒரு பெண்ணின் அளவு அல்ல. நான் யாருக்குத் தைக்கிறேனோ அவர்களை முதலில் கச்சு கட்டி நிற்கவைத்துத்தான் டேப்பைப் பிடிப்பேன். கச்சு மேல் எடுத்த அளவு வேறு, வெறும் உடம்பில் எடுத்த அளவு வேறு. பாவாடைக்குள் கம்பிவளையக் கூடு போடுவதா, கஞ்சி போட்ட உள்பாவாடைகள் நாலைந்து போடுவதா? முன்பக்க நீளம் அதைப் பொறுத்து மாறும். இதில் எதையும் நீ சொல்லவில்லை. விழாவில் போட்டு நடக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

அடையாளம் பற்றி. நான் தைக்கும் ஒவ்வொரு கவுனிலும் இடுப்புப் பட்டியின் உட்புறம் என் பெயரின் முதல் எழுத்துகளையும் வருஷத்தையும் அழியாத மையில் எழுதுவேன். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண்மணிக்குச் சாம்பல் நிறக் கம்பளித் துணியில் ஒன்று தைத்தேன். அவள் கெஞ்சியதால் எழுதாமல் விட்டேன். அடுத்த வருஷம் மேரிலாந்தில் ஒரு கண்காட்சியில் அதே கவுனைப் பார்த்தேன். '1861, ஒரு சிப்பாயின் விதவை அணிந்தது' என்று பக்கத்தில் அட்டை இருந்தது. ஒரு கிழவி அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இது என் கைவேலை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து மை இல்லாமல் ஒரு கவுனும் என் வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

உனக்கு ஏன் அடையாளம் வேண்டாம்?

ஆர்டித்


பெல்ஃபோர்ட் லேண்டிங்
4 பிப்ரவரி 1994

அண்ணி,

ஒரு கவுன் கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி கேக்கறீங்க.

போட்டுக்கப் போறது எங்க வீட்டுக்காரர் ராய்ஸோட அண்ணன் பொண்ணு கார்லிஸ். பத்தொன்பது வயசு, ஒல்லி. நான் அனுப்பின அளவு அவளுக்குச் சரியா இருக்கும். கம்பிக்கூடுதான். மையெல்லாம் வேண்டாம்னு சொன்னது, வேர்வையில ஊறி வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னுதான். போதுமா?

கவுனோட கை மட்டும் எப்படி வெட்டியிருக்குன்னு பிரவுன் பேப்பர்ல வரைஞ்சு அனுப்பறேன். நிறம் பார்க்கத் துணியோட ஒரு துண்டும் வெச்சிருக்கேன்.

கல்லறைக் கல்லுக்கு ஏன் பதில் போடலைன்னு கேக்கறீங்க. ரெண்டு நாள் பஸ்ல உக்காந்து காலெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசல்ல நர்ஸ் மறிச்சா. "மிஸஸ் ஹார்க்னஸ் உங்களை உள்ள விட வேண்டாம்னு சொல்லிட்டாங்க"ன்னா. கூடப்பிறந்தவ நான். நீங்க வெளிய வந்து என் முகத்தைக்கூடப் பார்க்கலை. திரும்ப ரெண்டு நாள் பஸ். ஒன்பதாம் நாள் தந்தி மாதிரி ரெண்டு வரியில சாவுச் சேதி. கல்லுக்கு நான் என்னத்த பதில் போடறது?

தைக்க முடியும்னா தைங்க.

டெல்ஃபா


யார்க்
16 பிப்ரவரி 1994

டெல்ஃபா,

பழுப்புப் பட்டு கிடைத்தது, ஏறக்குறைய அதே நிறம். மேல்பாகத்துக்குப் பருத்தி லைனிங் வெட்டி, உடம்போடு ஒட்டும்படி முன்பக்கம் டாட் மடிப்பு பிடித்து, முதுகுத் துண்டுகளைக் கூட்டித் தைத்தேன். அதற்கு மேல் போகவில்லை. ஊசியை வைத்துவிட்டு உன் பிரவுன் பேப்பரை எடுத்தேன்.

தையல் கோடு நெடுகப் பேப்பரில் ஊசிக்குத்து இருக்கிறது. துணியைத் தட்டையாக மேசையில் பரப்பி, பேப்பரை அடியில் வைத்து, மேலிருந்து குத்தினால்தான் அப்படி வரும். உடையிலிருந்து கையைப் பிரித்து எடுக்காமல் அதைச் செய்ய முடியாது. உன் துணித் துண்டின் ஒரு ஓரம் பழசு. இன்னொரு ஓரம் சமீபத்தில் கத்தரிக்கோல் பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற உடையிலிருந்து யார் துண்டு வெட்டுவார்கள்?

இன்னொன்றும் எனக்குப் பிடிபடவில்லை. 1858ல் தோள் தையல் தோளைத் தாண்டி இறங்கி மேல்கையில் உட்காரும். அதனால் கையின் தலைப்பு, அதாவது தோளோடு சேருகிற மேல் வளைவு, தட்டையாக இருக்கும். நீ வரைந்ததில் அது குன்று மாதிரி உயர்ந்து நிற்கிறது. நீ தப்பாக வரைந்தாயா, அல்லது வேறு எதையோ காட்டி என்னை ஏமாற்றுகிறாயா?

மியூசியத்தின் சாவி உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் அது பூட்டியிருப்பதும் தெரியும். இந்தப் பக்கம் பழைய உடைகளை வாங்குகிற பணக்காரர்கள் நிறைய. நிஜத்தை விற்றுவிட்டு என்னுடையதை அங்கே நிறுத்தப் பார்க்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் இல்லை என்று எழுது. மார்ச் மாதத்துக்குள் எனக்கு நம்பும்படியான பதில் வராவிட்டால் மியூசியத் தலைவி வினிஃப்ரெட் ஹால்சிக்கு எழுதுவேன்.

ஆர்டித்


பெல்ஃபோர்ட் லேண்டிங்
23 பிப்ரவரி 1994

திருடின்னு நேரா சொல்லிடுங்களேன், எதுக்கு ஊசிக்குத்தெல்லாம் எண்ணிட்டு.

பேப்பர், துணி, எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க. எனக்கு உங்க கவுனும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.

டெ.


பெல்ஃபோர்ட் லேண்டிங்
3 மார்ச் 1994

அண்ணி,

போன லெட்டரை மறந்துடுங்க. தபால்பெட்டியில போட்ட மறு நிமிஷமே கையை உள்ள விட்டு எடுக்கப் பார்த்தேன், வாட்ச்தான் மாட்டிக்கிச்சு.

நான் எதையும் விக்கலை. நடந்ததைச் சொல்றேன், சிரிக்காதீங்க.

டிசம்பர் நாலு எனக்கு அறுபது முடிஞ்சு அறுபத்தொண்ணு. ராய்ஸ் மான் வேட்டைக்குப் போயிட்டார். பையன்கிட்டேர்ந்து போன் இல்லை. சர்ச்சுல ஒருத்தரும் கேக்கலை. மதியம் மியூசியத்துல தண்ணிக் குழாய் உறைஞ்சிருக்கான்னு பார்க்கப் போனேன். நான் தனியா. சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் "நீ அப்படியே பெர்மீலியா"ன்னு சொல்லுவாங்க, அதே தாடை, அதே காதுன்னு. அந்தக் கவுனை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்னு எனக்குப் பத்து வயசுலேர்ந்து ஆசை. வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன்.

முன்பக்கம் ரெண்டு கொக்கி சேரவே இல்லை, சால்வை போட்டு மறைச்சுக்கிட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னேன். நல்லா இருந்துச்சு அண்ணி. பின்பக்கம் எப்படி இருக்குன்னு பார்க்கத் திரும்பிக் கையைத் தூக்கினேன். பழைய நியூஸ்பேப்பர் கிழியற மாதிரி சத்தம். தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் போச்சு. கழட்டறதுக்குள்ள அக்குள்ல போச்சு, பாவாடை மடிப்புலெல்லாம் போச்சு. நான் நூறு கையால கிழிச்ச மாதிரி தரையில கிடந்துச்சு.

வினிஃப்ரெட்கிட்ட, காத்தாட வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்கேன். ஜூன் ஒண்ணாந்தேதி மியூசியம் திறக்குது. எப்படியும் போனதுதானேன்னு கையைப் பிரிச்சு உங்களுக்கு வரைஞ்சு அனுப்பினேன். துண்டு வெட்டினதும் நான்தான். கார்லிஸ் அலாஸ்காவுல கடற்காவல் படையில இருக்கா. அவ வாழ்க்கையில கவுனே போட்டதில்லை.

நம்ம வீட்டுப் பேர்னு இந்த ஊர்ல மிச்சம் இருக்கறது அந்த ஒரு கவுன்தான். அதை நான் கிழிச்சுட்டேன்.

டெல்ஃபா


யார்க்
11 மார்ச் 1994

டெல்ஃபா,

நான் சிரிக்கவில்லை. ஆனால் நீ சின்ன வயதில் எப்படிக் கதை கட்டுவாய் என்று உன் அண்ணன் எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறான். பக்கத்து வீட்டு வாத்து தானாகவே வந்து அடுப்பில் ஏறிக்கொண்டது என்று ஒரு கதை. அதனால் இதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கிழிந்த உடையை எனக்கு அனுப்பு. எல்லாத் துண்டுகளும். கண்ணால் பார்த்தால் நம்புகிறேன். பார்த்தால்தான் உள்ளே எப்படித் தைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

ஆர்டித்


பெல்ஃபோர்ட் லேண்டிங்
19 மார்ச் 1994

அண்ணி,

பார்சல் இன்னிக்குப் போகுது. தபால் ஆபீஸ்ல "உள்ள என்ன?"ன்னு கேட்டான். "பழைய துணி"ன்னேன்.

வெளிப்படையாவே சொல்றேன். நீங்க இதை அப்படியே வினிஃப்ரெட்டுக்கு அனுப்பி என் மானத்தை வாங்கினாலும் வாங்குவீங்க. அதனால லேஸ் காலரை நான் வெச்சுக்கிட்டேன். அது கிழியலை. ஏதாவது ஆச்சுன்னா, நம்ம வீட்டுதுன்னு சொல்லிக்க என்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும். நீங்க என்னை நம்பலை இல்லையா, நானும் உங்களை நம்பலை.

டெல்ஃபா


பெல்ஃபோர்ட் லேண்டிங்
9 ஏப்ரல் 1994

அண்ணி,

மூணு வாரம். ஒரு வரி இல்லை. பார்சல் வந்துச்சா இல்லையா?

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வினிஃப்ரெட் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. பூசை முடிஞ்சதும், "கவுனுக்கு இன்னும் காத்துப் பத்தலையா டெல்ஃபா?"ன்னா. பக்கத்துல ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவகிட்ட எழுதிட்டீங்களா? எழுதியிருந்தா சொல்லிடுங்க. தூக்கமே வரலை. யார் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாலும் அவதான் வந்துட்டாளோன்னு இருக்கு.

டெ.


யார்க்
13 ஏப்ரல் 1994

டெல்ஃபா,

பார்சல் வந்தது. நான் யாருக்கும் எழுதவில்லை. தாமதத்துக்குக் காரணம், நான் பார்த்ததை நானே நம்பாமல் மூன்று முறை பார்த்தேன். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் பழைய துணிகளைப் பராமரிக்கிற ஒரு நண்பரிடம் எடுத்துப் போனேன். உன் பெயரோ ஊரோ அவருக்குத் தெரியாது.

நீ சொன்ன கதை உண்மை. திரும்பிக் கையைத் தூக்கியபோது கிழிந்த கிழிசல்தான் அது. சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

இந்த உடை பெர்மீலியாவுடையது அல்ல. 1858ல் தைத்ததும் அல்ல. அந்தக் காலத்துப் பட்டு என் பெட்டியில் சில துண்டுகள் உண்டு. இன்றைக்கும் இழுத்தால் நிற்கும். அதற்குப் பல வருஷங்கள் கழித்து ஆலைக்காரர்கள் பட்டைத் தகர உப்பில் ஊறவைத்து எடை ஏற்ற ஆரம்பித்தார்கள். கையில் கனமாக, சலசலவென்று, பணக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அந்த உப்பு உள்ளேயிருந்து நூலைத் தின்றுவிடும். மடிப்பெல்லாம் தானாக வெடிக்கும். இது அந்தப் பட்டு. நீ போடாமல் இருந்திருந்தாலும் இன்னும் பத்து வருஷத்தில் பெட்டிக்குள் நின்றபடியே உதிர்ந்திருக்கும்.

கைத்தலைப்பு உயரமாக இருந்தது என்று கேட்டேனே, நீ சரியாகத்தான் வரைந்திருந்தாய். தோள் தையல் நேராகத் தோளின் மேலேயே இருக்கிறது. பாவாடையை இடுப்பில் நெருக்கமான சுருக்காகக் கோத்துப் பிடிக்காமல் கீழே அகலும்படி வெட்டித் தைத்திருக்கிறார்கள். மெஷின் தையல் இருப்பதை வைத்து மட்டும் நான் முடிவு கட்டமாட்டேன், 1858லேயே சில வீடுகளில் மெஷின் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பழைய காலத்து மாதிரி தெரியவேண்டும் என்று 1905, 1910 வாக்கில் யாரோ தைத்தது. நல்ல தையல்காரி. ஆனால் பழைய உடையைக் கிட்டத்தில் பார்த்தவள் அல்ல.

ஆர்டித்


பெல்ஃபோர்ட் லேண்டிங்
18 ஏப்ரல் 1994

அண்ணி,

படிச்சேன். படிச்சுட்டு உங்களைத் திட்டி ரெண்டு பக்கம் எழுதினேன். அதை இதோட வெச்சிருக்கேன், படிக்க வேண்டியது உங்க தலையெழுத்து. எங்க வீட்டுல மிச்சம் இருக்கறதையும் பிடுங்கறதுக்குக் காத்துட்டிருந்தீங்க, அண்ணனை என்கிட்டேர்ந்து மறைச்சீங்க, இப்ப கொள்ளுப்பாட்டியையும் இல்லைங்கறீங்க, துணியில ஏதோ நீங்களே பண்ணிட்டு உப்பு மேல பழி போடறீங்க. இப்படி.

ரெண்டாம் பக்கத்துல ஒரு வரி எழுதினேன்: "நல்லவேளை, காலர் என்கிட்ட இருக்கு, அதுல நீங்க கை வெக்க முடியாது." எழுதிட்டு அதை எடுத்துப் பார்க்கத் தோணிச்சு. டிராயர்லேர்ந்து எடுத்து, ஜன்னல்கிட்ட கொண்டு போய் லேஸைப் புரட்டினேன்.

லேஸுக்கு அடியில, பட்டியில, துருப்பிடிச்ச பிரஸ் பட்டன் ரெண்டு. அழுத்தினா டிக்குன்னு மூடுது.

இது 1900 வாக்குலதான் வந்துச்சுன்னு எனக்கே தெரியும், எங்கம்மா பொத்தான் டப்பாவுல இருந்த பழைய அட்டையில வருஷம் போட்டிருக்கும். கொள்ளுப்பாட்டி கல்யாணம் கட்டின காலத்துல பிரஸ் பட்டனா? இந்தக் காலரை நீங்க தொட்டதே இல்லை. நீங்க ஏதும் பண்ணியிருக்க முடியாது. உங்களை நம்பாம ஒளிச்சு வெச்சதே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது.

அப்பாவோட தங்கச்சி லவினியா அத்தை 1908ல ஊரோட ஐம்பதாம் வருஷ விழாவுல கொள்ளுப்பாட்டி வேஷம் போட்டாங்கன்னு அப்பா சொல்லியிருக்கார். அப்ப அவங்களுக்கு இருபது வயசு. 1931ல மியூசியம் ஆரம்பிச்சப்ப கவுனைக் கொடுத்ததும் அவங்கதான். பொய் சொல்லிக் கொடுத்தாங்களா, இல்லை யாரோ "பெர்மீலியாவோடதா?"ன்னு கேட்டப்ப மறுக்காம விட்டுட்டாங்களா, யாருக்குத் தெரியும். அவங்க எல்லாரும் மண்ணுக்குள்ள.

இப்ப நான் என்ன பண்றது? நீங்க தைச்சு முடிச்சுட்டா, அதை நிறுத்திட்டா, யாருக்கும் எதுவும் தெரியப் போறதில்லை. போலிக்குப் பதிலா போலி. அதுல என்ன பாவம்னு மனசு கேக்குது. ஆனா நீங்க மை இல்லாம தரமாட்டீங்க. தெரியும்.

டெல்ஃபா


யார்க்
27 ஏப்ரல் 1994

டெல்ஃபா,

ஆமாம். மை இல்லாமல் தரமாட்டேன்.

நீ கேட்ட கவுனை நான் தைக்கப்போவதும் இல்லை. லவினியா தைத்ததன் நகல் எதற்கு? 1858ல் பெல்ஃபோர்ட் லேண்டிங்கில் ஒரு பெண் நிஜமாக எதைப் போட்டிருப்பாளோ அதைத் தைக்கிறேன். இறங்கிய தோள், அகலமான கை, உள்ளே மாட்டிக்கொள்ள வெள்ளைத் துணிக் கை தனியாக. கைக்குழியிலும் கழுத்திலும் உள்ளே நூல்கயிறு வைத்த மெல்லிய பைப்பிங் ஓரம். பாவாடைக்குத் துணியின் ஆறு அகலம் சேர்த்து, இடுப்பில் விரல்நுனி அளவுச் சுருக்குகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தைத்தது. கீழ் ஓரத்தில் சேறு படாமல் இருக்கக் கம்பளி நாடா. பக்கத் தையலில் ஒரு பாக்கெட், கைக்குட்டையும் சாவியும் போட.

போட வேண்டியவள் நீ. உன் அளவு அனுப்பு. கச்சு ஒன்றும் இத்துடன் அனுப்புகிறேன், அதைக் கட்டிக்கொண்டு அளவு எடு. நிஜ அளவு. ஒரு இஞ்சுகூடக் குறைக்காதே, நான் கண்டுபிடித்துவிடுவேன். வெட்டிய பழைய லைனிங்கைத் தூர எடுத்து வைத்துவிட்டேன்.

அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். சொல்லாவிட்டாலும் நான் வினிஃப்ரெட்டுக்கு எழுதமாட்டேன். உன்னை மிரட்டியது தப்பு.

உன் திட்டுக் காகிதம் இரண்டையும் படித்தேன். அதில் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உன்னை உள்ளே விடவேண்டாம் என்று சொன்னது நான் அல்ல. ஓரின். நீ பஸ் ஏறிவிட்டாய் என்று ராய்ஸ் போன் செய்தபோது அவனிடம் சொன்னேன். அப்போது அவன் எடை நாற்பது கிலோ. வாயில் புண், பேச்சு குழறும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "டெல்ஃபா வேணாம். அவ என்னை இப்படிப் பார்க்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லாத, அவ தாங்கமாட்டா. நீ சொன்னதா இருக்கட்டும்" என்றான். நான் சத்தியம் செய்தேன். நீ வாசலில் நின்றபோது நான் அறைக்குள் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். நர்ஸிடம் நீ போட்ட சத்தம் கேட்டது. அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

சத்தியத்தை இப்போது மீறிவிட்டேன். இதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். ஒருவன் இல்லை. நீ நம்பாமல் போனால் அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

ஆர்டித்


பெல்ஃபோர்ட் லேண்டிங்
6 ஜூன் 1994

அன்புள்ள அண்ணி,

இத்தனை நாளா அளவைத் தவிர ஒண்ணும் எழுதலை. எழுத வரலை.

கவுன் மே இருபதாந்தேதி வந்துச்சு. அதுக்கு முன்னாடியே, மே மூணாந்தேதி மியூசியம் கமிட்டிக் கூட்டத்துல சொல்லிட்டேன். ஏழு பேர் உக்காந்திருந்தாங்க. டிசம்பர்ல நடந்ததுலேர்ந்து பிரஸ் பட்டன் வரைக்கும், ஒண்ணு விடாம. காலரை மேசை மேல வெச்சு டிக்குன்னு மூடிக் காட்டினேன். அப்புறம் வினிஃப்ரெட் சொன்னா, "டெல்ஃபா, நீ கிழிச்சதை மன்னிச்சிடலாம். அது போலிங்கறியே, அதை எப்படி மன்னிக்கறது?"

"மன்னிக்க வேண்டியது என்னை இல்லை, லவினியா அத்தையை. அவங்க கல்லறை ஆத்தோரம் இருக்கு, போய்ச் சொல்லு"ன்னேன்.

சாவியை வாங்கிக்கிட்டாங்க. பதினாலு வருஷம் நான் வெச்சிருந்த சாவி. ஊர்ல பாதிப் பேர் என்கிட்ட பேசறதில்லை. பலசரக்குக் கடையில ஒருத்தி காது படவே, "அவ வீட்டுல வேற என்னெல்லாம் பொய்யோ"ன்னா. ராய்ஸ் திரும்பிப் போய் அவகிட்ட ஏதோ சொன்னார், என்னன்னு என்கிட்ட சொல்ல மாட்டேங்கறார். மியூசியத்துல இப்ப அந்தப் பெட்டி காலி.

நீங்க எழுதினது பத்தி. முதல் மூணு நாள் நம்பலை. செத்துப் போனவர் மேல போட்டுட்டா கேக்க ஆளில்லைன்னு நினைச்சேன். நாலாம் நாள் தோட்டத்துல களை எடுத்துட்டிருந்தப்ப வேற ஒண்ணு தோணிச்சு. உங்களை நல்லவங்களா காட்டிக்கணும்னு இருந்தா, அஞ்சு வருஷம் முன்னாடி கல்லறைக்குக் கல் வெக்கறப்பவே சொல்லியிருப்பீங்க. ஒரு வரி போதும். இத்தனை வருஷம் என் வசவை வாங்கிட்டு இருந்திருக்க வேண்டியதில்லை. அங்கயே மண்ணுல உக்காந்து அழுதேன். அப்புறம் அண்ணன் மேல கோபம் வந்துச்சு. கழுதை. நாற்பது கிலோ ஆனா என்ன, அவன் மூஞ்சி எனக்கு அடையாளம் தெரியாமலா போயிடும்? நான் அவனுக்குச் சாப்பாடு ஊட்டியிருப்பேன். நாலு கெட்ட ஜோக் சொல்லியிருப்பேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கு, அதை நான் வெச்சுக்கறேன். உங்க மேல இருந்தது போயிடுச்சு.

சாட்சி வேண்டாம் அண்ணி. நம்பறேன்.

நாலாந்தேதி ஊர் பிறந்தநாள் ஊர்வலத்துல கவுனைப் போட்டுட்டு நடந்தேன். கமிட்டி கூப்பிடலை, நானே போனேன். வினிஃப்ரெட் கூட்டத்துக்கு முன்னாடி தனியா ரெண்டு தெரு. யாரும் கைதட்டலை. ஆனா பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒண்ணு ஓடி வந்து, "இது நெஜமாவே பழசா?"ன்னு கேட்டா. இடுப்புப் பட்டியைத் திருப்பி மையைக் காட்டினேன். "இந்த வருஷத்துது. எங்கண்ணி தைச்சது"ன்னேன்.

கச்சுக்குக் கயிறு கட்டினது ராய்ஸ். படகு கட்டற முடிச்சைப் போட்டுட்டார், சாயங்காலம் கத்தி வெச்சு அறுக்க வேண்டியதாப் போச்சு. அறுத்த கயித்தை இதோட அனுப்பறேன், புதுசு வேணும். இடது கைக்குழி கொஞ்சம் பிடிக்குது. அதைத் தபால்ல சரி பண்ண முடியாதுன்னு நினைக்கறேன். ஜூலை மாசம் நீங்க ஊர்ல சும்மாதானே இருப்பீங்க? சிகாகோவுலேர்ந்து மத்தியானம் ரெண்டரைக்கு இங்க ஒரு பஸ் வருது. மாடி ரூம்ல கட்டிலைத் துடைச்சு வெச்சிருக்கேன். ஊசி, கத்தரி எல்லாம் உங்களோடதையே எடுத்துட்டு வாங்க, என்னோடது எதுவும் உங்களுக்குப் பிடிக்காது.

டெல்ஃபா